எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு காய்ச்சல்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளரின் பதில்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் 34 வருஷம் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் விளவங்கோடு பக்கம், கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில். எல்லை தாண்டி வரும் தொற்றுநோய்களைப் பற்றிப் போன இதழில் எழுதிய பிறகு நிறையக் கடிதங்கள் வந்தன. ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது கேரளத்துப் பாறசாலையில். வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே இருப்பேன், ஒரு நாள் அவள் இங்கே வருவாள். அங்கே ஒரு புது நோய் வந்தால் இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாநிலக் கம்ப்யூட்டர்களும் பேசிக்கொள்ளுமா?
(வாசகி, களியக்காவிளை)

2021 ஜூலை 8 அன்று கேரளத்தின் முதல் ஜிகா நோயாளியை அறிவித்தார்கள். அவர் உங்கள் அக்கா இருக்கும் அதே பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணி. அந்தச் செய்தியை நான் முதலில் பார்த்தது டி.வி.யில். அலுவலகம் வழியாகத் தகவல் வந்தது அப்புறம்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜிகா பெரியவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போய்விடும். கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைத்தான் கெடுக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் எத்தனை கர்ப்பிணிகள், யார் யார், எந்த வீடு என்பதுதான் மறுநாள் காலையில் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது.

அதற்கு நம்மிடம் வழி இருந்தது. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது பிக்மி எண் கொடுக்கிறார்கள் அல்லவா? அந்தப் பதிவில் இருந்து எல்லையோரக் கிராமங்களின் கர்ப்பிணிகள் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியர்கள் எடுத்தார்கள். வீடு வீடாகப் போனோம். தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, ரப்பர் பால் வடிக்கும் சிரட்டை என்று தண்ணீர் தேங்கும் எல்லாவற்றையும் கவிழ்த்தோம். ஜிகாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சராசரியாக 400 மீட்டர்தான் பறக்கும். அது எல்லை தாண்டி வெகுதூரம் வருவதில்லை. நோய்க்கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர் மனிதர். அதனால்தான் உங்கள் கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது.

சரி, கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளுமா? ஒரே மென்பொருளில்தான் இரண்டு மாநிலமும் பதிவு செய்கின்றன. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் வாரத்துக்கு ஒரு முறை காகிதத்தில் கணக்கு அனுப்புவோம். களப்பணியாளர் அறிகுறியை வைத்து எழுதுவது எஸ் படிவம், டாக்டர் சந்தேகிப்பது பி படிவம், ஆய்வகம் உறுதி செய்வது எல் படிவம். 2021 ஏப்ரலில் அது ஐ.எச்.ஐ.பி. என்ற இணையத் தளமாக மாறியது. அன்றன்றைக்கு, ஒவ்வொரு நோயாளியாக, போனிலேயே பதிவு செய்யலாம். பெரிய முன்னேற்றம் அது. ஒரு வாரம் காத்திருந்து வரும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எந்த நோயையும் பிடிக்க முடியாது.

ஆனால் எங்களைப் பாடாய்ப் படுத்தியது ஊர்ப் பெயர். நம் பக்கம் 'விளை' என்று முடியும் ஊரை மலையாளத்தில் 'விள' என்று முடிப்பார்கள். நாம் பாறசாலை என்கிறோம், அவர்கள் பாறசால என்கிறார்கள். அதை ஆங்கிலத்தில் தட்டும்போது ஆளுக்கொரு எழுத்து. 2020-இல் கொரோனா சமயத்தில் எல்லைச் சாவடி ஒன்றில் எனக்கு வேலை. அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு பட்டியலில் ஒருவரின் ஊர் காட்டுவிள என்று இருந்தது. என் கணக்கில் அந்தப் பெயருக்கு ஒத்துவரக்கூடிய இடம் மூன்று. கம்ப்யூட்டருக்கு மூன்றில் ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் அந்த ஆளைக் கண்டுபிடித்தது வீட்டுப் பெயரை வைத்து, ஒரு மீன் வியாபாரி அம்மா சொல்லித்தான். அதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. அவர் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய தாயார் இருந்தார். அந்த இரண்டு நாளை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இதற்குத் தீர்வு கஷ்டமானது இல்லை. நாட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்திய பஞ்சாயத்து அமைச்சகம் ஒரு எண் கொடுத்திருக்கிறது. ஊர்ப் பெயரோடு அந்த எண்ணையும் எழுதினால் எழுத்துப் பிழை ஒன்றும் செய்யாது. இன்னொன்று, நம் மாவட்டத்துக்காரர்கள் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் அங்குள்ள ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள். அங்கே நோய் உறுதியாகும்போது சொந்த ஊர் எண்ணைச் சரியாக உள்ளிடாவிட்டால் அந்த நோயாளி திருவனந்தபுரம் கணக்கிலேயே நின்றுவிடுவார். இங்கே அவர் வீட்டைச் சுற்றி மருந்து அடிக்க ஒருவரும் போக மாட்டார்கள்.

உலக அளவில் இப்போது 7-1-7 என்று ஒரு அளவுகோல் பேசுகிறார்கள். நோய் தலைகாட்டிய 7 நாளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும், 1 நாளுக்குள் உரியவர்களுக்குச் சொல்ல வேண்டும், அடுத்த 7 நாளுக்குள் முதற்கட்டத் தடுப்பு வேலைகள் முடிந்திருக்க வேண்டும். 2021-இல் முன்வைக்கப்பட்ட கணக்கு இது. நடுவில் இருக்கும் அந்த 1-ஐ எல்லையில் தனியாக அளக்க வேண்டும் என்பது என் கருத்து. பாறசாலையில் இருப்பவருக்குத் தெரிந்து எத்தனை மணி நேரத்தில் களியக்காவிளையில் இருப்பவருக்குத் தெரிகிறது? அதை யாராவது ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தாலே பாதி வேலை சரியாகும்.

கொரோனாவை உலகத்துக்கு முதலில் சொன்னதே செயற்கை நுண்ணறிவுதான் என்று எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் ஒருவர் பேசினார். உண்மையா?
(மாணவர், நாகர்கோவில்)

கொஞ்சம் உண்மை. கனடாவைச் சேர்ந்த புளூடாட் என்ற நிறுவனத்தின் கணினி 2019 டிசம்பர் 31 அன்று வூஹான் பற்றித் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள ஹெல்த்மேப் கணினி அதற்கு ஒரு நாள் முன்பே கவனித்தது. அதே 30-ம் தேதி புரோமெட் என்ற மின்னஞ்சல் சேவையும் செய்தி அனுப்பியது. 1994 முதல் உலகம் முழுக்க உள்ள டாக்டர்கள் படித்துவரும் சேவை அது. அங்கே செய்தியைப் பொறுக்கி, சரிபார்த்து அனுப்பியவர்கள் மனிதர்கள்.

கணினிகள் படித்தது யாரோ எழுதியதைத்தான். அன்றைய தினம்தான் வூஹானில் லீ வென்லியாங் என்ற கண் டாக்டர் தன் கூடப் படித்த டாக்டர் நண்பர்களுக்கு, 'கவனமாக இருங்கள்' என்று போனில் செய்தி அனுப்பினார். சில நாளில் போலீஸ் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. 2020 பிப்ரவரி 7 அன்று அதே நோயில் அவர் இறந்தார். எழுதுகிறவனின் வாயைப் பூட்டிவிட்டால் படிக்கிற இயந்திரத்துக்கு என்ன கிடைக்கும்? தம்பி, அடுத்த கருத்தரங்கில் இந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

நம் நாட்டிலும் பத்திரிகைச் செய்திகளைப் படித்து நோய் அறிகுறி தேடும் பிரிவு டெல்லியில் 2008 முதல் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகை 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதினால் அது அவர்களுக்கு ஒரு தடயம். இதில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் காய்ச்சலுக்குப் 'பனி' என்று பெயர். எங்கள் மேற்குப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் 'பிள்ளைக்குப் பனி' என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். எலிக்காய்ச்சல் அங்கே எலிப்பனி. 'ஊரெல்லாம் பனி' என்று ஒரு தாய் போனில் தட்டினால், சென்னைத் தமிழ் மட்டும் படித்த கணினி அதை மார்கழிப் பனி என்று ஒதுக்கிவிடும். கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் இந்த மாவட்டத்தில் இத்தனை பேர் இருக்கிறீர்கள். எல்லையோர மக்கள் நோயைச் சொல்லும் சொற்களைத் திரட்டி, இரண்டு மொழியிலும் ஒரு அகராதி செய்யுங்கள். எந்தப் பெரிய நிறுவனமும் நமக்காக இதைச் செய்யாது.

அப்பா விசைப்படகில் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கொச்சியில் இறங்குவார், சில சமயம் மங்களூரில். கடலில் ஒரு தொற்றுநோய் வந்தால் யாருக்குத் தெரியும்?
(மீனவர் குடும்பத்து மாணவி, தூத்தூர்)

தூத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த எட்டு ஊர் ஆட்களும் போகாத கடல் இல்லை. பெரிய கப்பல்களுக்கு ஒரு முறை உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல், துறைமுகத்தில் நுழைவதற்கு முன் யாருக்காவது காய்ச்சல் உண்டா, யாராவது இறந்தார்களா என்று ஒரு படிவத்தில் அறிவிக்க வேண்டும். நம் விசைப்படகுகளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பத்துப் பதினைந்து பேர் ஒரே இடத்தில் தூங்கி, ஒரே பாத்திரத்தில் சாப்பிடும் படகு அது. ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும்.

2017-இல் ஒக்கி புயல் நம் கரையை அழவைத்த பிறகு ஒரு மாற்றம் வந்தது. இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியே இயங்கும் கருவியை விசைப்படகுகளில் பொருத்துகிறார்கள். போன் சிக்னல் எட்டாத ஆழ்கடலிலிருந்தும் சிறு செய்தி அனுப்பலாம், கரையிலிருந்தும் பதில் அனுப்பலாம். புயலுக்கும் ஆபத்துக்கும் என்று செய்தது. அதிலேயே 'காய்ச்சல், இத்தனை பேர்' என்று ஒரு செய்தியையும் சேர்த்தால், படகு எந்தத் துறைமுகத்தில் கட்டுகிறதோ அங்கே ஒரு சுகாதார ஊழியர் காத்திருக்கலாம். அப்பாவை விரட்டுவதற்காக இல்லை, முதல் நாளே மருந்து கொடுப்பதற்காக. தூத்தூர் மீனவர் சங்கங்கள் இதைக் கேட்டு மனு கொடுக்க வேண்டும்.

2020-இல் நம் மாவட்ட மீனவர்கள் ஈரானில் மாட்டிக்கொண்டார்கள், நினைவிருக்கும். ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து பலரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் ஒரு கடற்கரை ஊரில் ஒரு தாயார் தன் மகன் அனுப்பிய வாட்ஸ்அப் பேச்சை எனக்குப் போட்டுக் காட்டினார். "அம்மா, எங்களை யாரும் வந்து பாக்கல" என்று அதில் அவன் சொன்னான். மாட்டிக்கொண்டவர்கள் யார், எங்கே, எத்தனை பேர் என்ற கணக்கு அந்தத் தாய்மார்களின் போன்களில் இருந்தது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போதே ஊர், படகு, துறைமுகம் மூன்றையும் பதிவு செய்து வைத்தால் அடுத்த முறை நாம் தேட வேண்டியிருக்காது.

என் பெயர், நோய், போன் நம்பர் எல்லாம் இன்னொரு மாநிலத்துக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. 2020-இல் பட்ட அவமானம் போதும்.
(வியாபாரி, மார்த்தாண்டம்)

உங்கள் கோபம் நியாயமானது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் கொரோனாவுக்காகத் தனிமையில் இருந்தவர்கள் பட்டியல், போன் நம்பரோடு, வாட்ஸ்அப்பில் பரவியது. வளைகுடாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ் வீட்டுக்குப் பால்காரர் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை நோயே இல்லை. அதன் பிறகு அந்தத் தெருவில் இருமல் வந்தவர்கள் சுகாதார நிலையத்துக்கு வராமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக்கொண்டார்கள். பட்டியலை வெளியே விட்டவருக்கு ஒரு நிமிட வேலை. அதனால் அறுந்துபோன நம்பிக்கையைக் கட்ட எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது.

சிங்கப்பூரில் நடந்ததையும் சொல்கிறேன். கொரோனா நோயாளியின் அருகில் இருந்தவர்களைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்று உறுதி சொல்லி டிரேஸ்டுகெதர் செயலியை மக்களுக்குக் கொடுத்தார்கள். குற்ற விசாரணைக்குப் போலீசும் அந்தத் தகவலைக் கேட்டுப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. மக்கள் கொதித்த பிறகு, எந்தெந்தக் கடுங்குற்றத்துக்கு மட்டும் என்று சட்டம் கொண்டுவந்து கட்டுப்படுத்தினார்கள். அதைவிட நல்ல வழியும் இருந்தது. ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2020 மே மாதம் ஒரு முறையை வெளியிட்டன. பக்கத்தில் இருக்கும் இரண்டு போன்கள் பெயரும் இடமும் இல்லாத ஒரு ரகசிய எண்ணை மட்டும் பரிமாறிக்கொள்ளும். யார் அருகில் இருந்தோம் என்பது நம் போனுக்குள்ளேயே இருக்கும்.

எல்லை தாண்டிப் போக வேண்டியது உங்கள் பெயர் இல்லை. என்ன நோய், எந்தக் கிராமம், என்ன வயது, எந்தத் தேதியில் காய்ச்சல் தொடங்கியது, இவ்வளவு போதும். பெயரும் போனும் இரண்டு பக்கத்திலும் ஒரே ஒரு அதிகாரியிடம் மட்டும் இருக்க வேண்டும். அவர் அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தோடு பதிவாக வேண்டும். வேலை முடிந்த பிறகு அழிக்க வேண்டும். இப்படி எழுதிக்கொடுக்காத எந்தச் செயலியையும் நீங்கள் மறுத்துக் கேள்வி கேட்கலாம். நான் உங்கள் பக்கம்தான்.

சாக்கடைத் தண்ணீரைச் சோதித்தால் நோய் தெரியும் என்கிறார்களே?
(துப்புரவுப் பணியாளர், நாகர்கோவில்)

தெரியும். யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பேகூடத் தெரியும். 2022-இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸைக் கண்டுபிடித்து, குழந்தைகளுக்கு மறுபடி தடுப்பூசி போட்டார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கும் கால் முடங்கவில்லை. மும்பையில் போலியோவுக்காக இந்தச் சோதனை 2001 முதல் நடக்கிறது. நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதனால் ஊர் முழுவதற்கும் ஒரே இடத்தில் மாதிரி எடுப்பது கஷ்டம். பெரிய ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், கன்னியாகுமரியில் சுற்றுலா விடுதிகள் இருக்கும் பகுதி, இங்கெல்லாம் எடுக்கலாம். மாதிரி எடுக்கப்போவது உங்களைப் போன்றவர்கள். கையுறையும் பூட்ஸும் தடுப்பூசியும் முதலில் உங்களுக்கு, குப்பி அப்புறம்.

உலக நாடுகள் பெருந்தொற்று ஒப்பந்தம் போட்டதாகப் படித்தேன். குலசேகரத்தில் இருக்கும் எனக்கு அதனால் என்ன?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், குலசேகரம்)

ஐயா, நீங்கள் கேட்டது உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்பந்தம். 2025 மே 20 அன்று ஏற்கப்பட்டது. அதற்கு முந்தின நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரித்தன, 11 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, எதிர்த்தவர் இல்லை. அதற்கு முன்பே 2007 முதல் நடப்பில் உள்ள சர்வதேச சுகாதார விதிகளின்படி, கவலைக்குரிய நோய் என்று மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் ஒரு நாடு உலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும்? 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஓமிக்ரான் வகையைப் பற்றி அறிவித்தது. அங்குள்ள விஞ்ஞானிகள் வைரஸின் மரபணுவைப் படித்து, ஒளிக்காமல் சொன்னார்கள். அடுத்த சில நாளில் பல நாடுகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் விமானங்களைத் தடை செய்தன. இந்தோனேசியா 2007-இல் பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளைக் கொடுக்க மறுத்தது. எங்கள் மாதிரியை வைத்துச் செய்யும் தடுப்பூசியை எங்களாலேயே வாங்க முடியாது என்று அது சொன்ன காரணத்தை யாராலும் தள்ள முடியவில்லை. 2011-இல் பெருந்தொற்றாக மாறக்கூடிய ஃபுளூ வைரஸ்களுக்கு மட்டும் ஒரு பங்கீட்டு ஏற்பாடு வந்தது. புதிய ஒப்பந்தத்திலும் மாதிரியைக் கொடுப்பவருக்குப் பலனில் என்ன பங்கு என்பதைத் தனி இணைப்பாகப் பேசி முடிப்பது என்று வைத்தார்கள். உயிர் நாடி அந்த இணைப்புதான்.

உங்கள் ஊர் அளவில் பார்த்தாலும் இதே கதைதான். ஆலப்புழையில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வரும்போதெல்லாம் நம் எல்லையில் கோழி வண்டியை நிறுத்துகிறோம். கோழி செத்ததைச் சொன்ன பண்ணைக்காரருக்கு நஷ்ட ஈடு உடனே கையில் கிடைத்தால் அடுத்தவரும் சொல்வார். கிடைக்காவிட்டால் ராத்திரியோடு குழி தோண்டிப் புதைப்பார். எந்தச் செயற்கைக்கோளாலும் அந்தக் குழியைக் கண்டுபிடிக்க முடியாது.

நான் எல்லையோரப் பஞ்சாயத்து ஒன்றில் வார்டு உறுப்பினர். கையில் காசு இல்லை. நிபா போல ஏதாவது வந்தால் எங்களால் என்ன முடியும்?
(வார்டு உறுப்பினர், விளவங்கோடு வட்டம்)

2018-இல் கோழிக்கோட்டில், வவ்வாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது, பேராம்பிராவில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோய் வந்ததைப் பார்த்த டாக்டர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மாதிரி மணிப்பாலுக்கும் புனேக்கும் போனது. இரண்டாவது நோயாளியிலேயே அவர்கள் விழித்துக்கொண்டதால் பல உயிர் பிழைத்தது. அந்தச் சந்தேகம்தான் முதல் கருவி. வவ்வால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள் என்பதோடு, ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சலும் மயக்கமும் வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள் என்று வார்டு முழுக்கச் சொல்லி வையுங்கள்.

காசு இல்லாமல் செய்யக்கூடியது இன்னொன்று. பக்கத்துக் கேரளப் பஞ்சாயத்தில் உள்ள உறுப்பினர், ஹெல்த் இன்ஸ்பெக்டர், ஆஷா பணியாளர் மூவரின் போன் நம்பரை வாங்கி வையுங்கள். எனக்கு அந்தப் பக்கம் ஒரு இன்ஸ்பெக்டர் பழக்கம். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரைச் சேட்டா என்பேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒருவரையொருவர் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு முறை அவர் கூப்பிடவில்லை. விசாரித்தால் இடமாற்றம் ஆகிப் போய்விட்டார். புதியவரின் நம்பரை அன்றைக்கே வாங்கினேன். வாங்காமல் விட்டிருந்தால், அடுத்த மாதம் அங்கே எலிக்காய்ச்சல் வந்தபோது அடிக்கிற போனை எடுக்க ஆள் இருந்திருக்காது.

அந்தப் பேச்சுகளுக்காக ஒரு பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்து வைத்திருந்தோம். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் மலையாளம், நடுவில் கிராம எண். இந்த இதழின் முகவரிக்கு, சுய முகவரி எழுதிய உறையோடு எழுதினால் நகல் அனுப்பி வைக்கிறேன்.